ஈர விதைகள்

பிளம் மரங்களின் ஊடே சாயும் வெயிலில் கைகோத்த வரிசையாகத் திருமண ஆட்டம் நீண்டு வளைந்து சுழல்கிறது. பெருமேளம் அதிரும்போதெல்லாம் மேசைமீதுள்ள கண்ணாடிக் குவளைகள் சிணுங்குகின்றன. ஓரத்துப் பெஞ்சில் நெவென் சூரியகாந்தி விதைகளைப் பல்லால் உடைத்துத் தின்றபடி நிறைவாக அமர்ந்திருக்கிறான். அருகில் அவன் தங்கை ஸ்லாத்தினாவின் கையிலும் அதே விதைகள். ஒன்றுகூட உடைபடாமல் வியர்வையில் ஊறுகின்றன. அவளுடைய கால்விரல்கள் மட்டும் காலணிக்குள் ஒவ்வோர் அடியையும் ஆடிக்கொண்டிருக்கின்றன. "அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு! எந்திரிச்சு ஆடினா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே ஆடிக் கடக்கிறாள் அத்தை ஸ்தொயங்கா. ஒரே அச்சாம்! நெவெனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தனித்திருப்பது அவனுக்கு விருப்பம். தங்கைக்கோ அது அச்சம். இதைக்கூடப் பிரித்தறியாமல் என்ன உறவு!

"ஆடணும்போல இருக்கா?"

"எல்லாரும் என் காலையே பாப்பாங்க அண்ணா."

"அவங்கவங்க கால் சிக்காமப் பாத்துக்கவே அவங்களுக்கு நேரம் பத்தல. வா."

புதிதாய்ச் சேர்பவர் வரிசையின் வாலில்தான் சேரவேண்டும். அவள் கை விதைகளைத் தன் சட்டைப்பைக்குள் கொட்டிக்கொண்டு, நெவென் எழுந்து வாலில் கைகோக்கிறான். காலியான இடக்கையை அவள் பக்கம் நீட்டுகிறான். அவள் பற்றுகிறாள். ஒரு சுற்று முடிந்ததும் அவள் கையைத் தனக்கு முன்னால் ஆடும் பெண்ணின் கையில் கோத்துவிட்டு, அவன் மெல்ல நழுவுகிறான். ஸ்லாத்தினா திரும்பிப் பார்க்கவில்லை. அடி தவறவும் இல்லை. பெஞ்சில் தனியே அமர்ந்த நெவென், இன்னும் ஈரம் காயாத விதை ஒன்றை எடுத்துப் பல்லிடையே வைக்கிறான்.