கிண்ணத்தில் இருந்த குரல்

சோபாவில் கால்நடை மருத்துவர் நசீமா, அவர் மடியில் பூனை மிளகு, சாப்பாட்டு மேசையில் தணிகைவேல், எதிரே அவன் மனைவி பூங்கோதை. அவனுடைய முதல் மனைவி சுகந்தி விவாகரத்தாகிப் போய் மூன்று வருடமாகிறது. ஆனால் பதிந்த குரலில் பூனையைக் கூப்பிடும் மிளகின் தண்ணீர்க் கிண்ணம் தினம் நான்கு வேளை அவள் குரலில்தான், "வாங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவந்தது. மிளகோடு தணிகைவேலும் நிமிர்ந்து பார்ப்பான். பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று நாள் முன்பு, சுகந்தி தன் குரலுக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்த அனுமதி காலாவதியாகி, கிண்ணம் ஊமையானது. பூங்கோதை ஆசையாகத் தன் குரலைப் பதிந்து வைத்தாள். மிளகு தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூத்திரப் பையில மறுபடி கல்லு சேருதும்மா. தண்ணி குடிக்கலைன்னா அடைச்சுக்கும், அப்புறம் பிழைக்காது," என்றார் நசீமா. "பழைய குரலையே வைங்களேன்."

"அதுக்கு அவதான் கையெழுத்துப் போடணும். நான் வேணா கேக்கட்டுமா?" என்றான் தணிகைவேல்.

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். நானே எழுதுறேன்."

சுகந்திக்குத் தேதியிட்டு, எண் போட்டு எழுதினாள்.

"ஒன்று: இன்னும் ஓராண்டுக்குத் தங்கள் குரல் வேண்டும். மிளகு என் பேச்சைக் கேட்பதில்லை.

இரண்டு: இம்முறை 'மிளகு' என்று பெயர் சொல்லி மட்டும் கூப்பிட்டுப் பதியவும். இவரைச் சாப்பிடக் கூப்பிட நான் இருக்கிறேன்."

உறையை ஒட்டி, கூரியர்காரரிடம் தானே கொடுத்தாள்.