கப்டன் முழங்காலில் இருந்த கதை

“ஒல்லாந்துக் கப்டன் எனக்கு முன்னால முழங்காலில இருந்தவன்! சவுக்கையும் மண்ணில போட்டிட்டு!”

யோசேப்பு இதைச் சொன்னதும் ஆலங்குடா மீனவர் சங்க மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் ஒரு சாண் உயர்ந்து இறங்கியது.

போன வருடம் இதே கடற்கரையில் எடுத்த சரித்திரப் படம் அன்று பின்னேரம் ஊருக்குக் காட்டப்பட இருந்தது. ஜன்னல்களைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, சுவரில் வெள்ளைத் துணி கட்டியாயிற்று. பிடித்த மீனில் பாதியை வரியாகப் பிடுங்கும் ஒல்லாந்தரை, கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர்கள் எதிர்த்து நிற்கும் கதை. கரைவலைக்காரர்களாக நடித்தது ஊர்ச்சனமேதான்.

“வெள்ளைக்காரன் உனக்கு முழங்காலில இருந்தானா? உனக்கு உன்ட வீட்டுப் பூனையே கதிரையை விட்டு எழும்பாதே மச்சான்!” என்றார் ஸலாஹுதீன். ஆள் தென்னை மரத்துக்குத் தம்பி. அவர் முன்வரிசையில் இருந்தால் பின்னால் ஒரு குடும்பத்துக்கே படம் தெரியாது. யோசேப்புவோடு காலமெல்லாம் ஒரே வலையில் கயிறு இழுத்தவர்.

“படம் எடுத்த அண்டைக்கு நீ சிலாபத்தில முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கிடந்தாய். உனக்கென்ன தெரியும்?”

பாவம் யோசேப்பு. சுறாவுக்குப் பல் பிடுங்கி அனுப்பியதும், புயலை ஏசித் திருப்பியதும் அவர் சொன்ன கதைகள்தான். இந்தக் கப்டன் கதை ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்த சுத்தமான உண்மை. அதை நம்பத்தான் ஆளில்லை.

“கேளுங்கோ,” என்றார் யோசேப்பு விடாமல். “கப்டன் கையைக் காட்டினா நாங்க கயிறை விட்டிட்டு முழங்காலில இருக்கவேணும். அதுதான் டைரக்டர் சொல்லித் தந்தது. ஆனா படத்துக்கெண்டு போட்ட வலையில மெய்யாவே சூடை மீன் ஏறிட்டுது! மீன் ஏறின வலையை ஆராவது விடுவானா? இழுத்தம். அவன் சவுக்கை ஆட்டினான். இன்னும் இழுத்தம். பிறகு நான் அவனை ஒரு பார்வை பார்த்தன். பொத்தெண்டு விழுந்தான்! முடிஞ்சதும் வெக்கத்தில ஒரு கதையும் இல்லாம ஓடிப்போய் படக்காரரிட வாகனத்தில ஏறிட்டான்.”

“அந்தப் பார்வையை வீட்டிலயும் பாருங்கோவன்,” என்றாள் அவர் மனைவி றோசமேரி. “ஒழுகிற கூரையாவது பயப்படட்டும்.”

யோசேப்புவுக்கு ரோசம் வந்துவிட்டது. “புனித அன்னம்மாள் சாட்சியா சொல்லுறன். படத்தில அது இல்லாட்டி தலவிலக் கோயில்ல அவவிட திருநாள் வருமட்டும் நான் வாய் திறக்கமாட்டன்!”

மண்டபமே கைதட்டியது. றோசமேரியின் தட்டல்தான் பெரிதாகக் கேட்டது.

“டேய் ஸலாஹுதீன், நீயும் சத்தியம் பண்ணு. அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல, வல்லாஹி எண்டு சொல்லு பாப்பம்.”

“இந்தச் சின்னக் கதைக்கெல்லாம் சத்தியமா?” ஸலாஹுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “டைரக்டருக்கென்ன பைத்தியமா? பிழைச்ச காட்சியை எல்லாம் எப்பவோ வெட்டி எறிஞ்சிருப்பார்.”

படம் ஓடத் தொடங்கியது. ஓடியது என்பது பொய். நடந்தது, இடையிடையே உட்கார்ந்து இளைப்பாறியது. திரையில் சூரியன் உதிக்கத் தொடங்கும்போது வெளியே போன றோசமேரி, பாண் வாங்கி, கடைக்காரியின் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துத் திரும்பியபோதும் சூரியன் பாதிதான் வந்திருந்தது. பாதி மண்டபம் குறட்டை விட்டது. யோசேப்பு மட்டும் கண்ணை மூடவில்லை. திருநாள் வரைக்கும் வாயை மூடியிருப்பதை நினைக்க அவருக்கு இப்போதே மூச்சு முட்டியது.

கடைசியில் கரைவலை வந்தது.

அகன்ற தொப்பி, சிவப்புத் தாடி, நீண்ட வெல்வெட் அங்கியோடு கப்டன் நின்றான். கையை நீட்டினான். ஒருவரும் கயிற்றை விடவில்லை. சவுக்கை ஆட்டினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கிய அடிக்கெல்லாம் பதில் சொல்வதுபோல் கயிறு மட்டும் இறுகிக்கொண்டே கரைக்கு வந்தது. மண்டபத்தில் குறட்டை நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வலையின் மீன் சேரும் மடி கரை தட்டும் நேரம் ஒரு பக்கம் கிழிந்தது. சூடை மீன்கள் வெள்ளி வெள்ளியாகச் சிந்தின. கப்டன் சவுக்கை எறிந்தான். யோசேப்புவுக்கு நேர் முன்னால் முழங்காலில் விழுந்தான்!

“பாத்தியளா? பாத்தியளா?” யோசேப்பு கதிரைமேல் ஏறிவிட்டார்.

“அட, இந்த மனுசன் ஒருக்கா உண்மை சொல்லியிருக்கு!” றோசமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அதெல்லாம் நடிப்பு,” என்று முணுமுணுத்தார் ஸலாஹுதீன். “வெள்ளைக்காரன் உனக்குப் பயந்தா விழுந்தான்?”

அவருடைய மனைவி ஸக்கியா மட்டும் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம்தான் ஆமையாயிற்றே, கப்டன் இன்னும் அங்கேயே இருந்தான். வெல்வெட் அங்கியைத் தொடைக்கு மேல் மடித்து இடுப்பில் செருகினான். இரண்டு உள்ளங்கையிலும் எச்சில் துப்பித் தேய்த்தான். கிழிந்த வலையை அள்ளிப் பிடித்தான்.

“இது எந்த ஊர் ஒல்லாந்தன், அங்கியைச் சாரம் மாதிரி மடிச்சுக் கட்டுறான்?” என்றாள் ஸக்கியா. மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க அண்டைக்குச் சிலாபத்துக்கு எந்த பஸ்ஸில போனீங்க?”

மண்டபத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. ஸலாஹுதீன் தன் உயரத்தை முழுக்கக் கதிரைக்குள் ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை.

“நடந்தது மச்சான், வல்லாஹி நடந்தது,” என்றார். “கப்டனா நடிக்க வந்த வெள்ளைக்காரன் நண்டுக்கறி திண்டு வயிறு கெட்டுப் படுத்திட்டான், என்ட உயரத்தைப் பாத்துத் தாடியை எனக்கு ஒட்டிட்டாங்க. எங்கட ஆக்களுக்குச் சவுக்கு ஓங்கினவன் எண்ட பேர் வேணாமெண்டு மறைச்சன். ஆனா மீன் சிந்துறதைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடியடா ஒல்லாந்தனா நிக்கிறது?”