சுடலைவடிவின் இருபத்தொரு நிமிடம்

தாளின் அடியில் இருந்தது பேராசிரியையின் கையெழுத்துதான்.

பதினோரு வருடத்துக்கு முந்தையது. நான்காக மடித்து, பால் கவருக்குள் வைத்து, ரப்பர் பேண்ட் சுற்றி வந்திருந்தது.

ஆய்வில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன் என்று தொடங்கியது. கீழே ஐந்தாவது வரி: நான் சொன்னதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

சமூகப்பணித் துறையில் இருபத்து நான்கு வருடமாக அந்த வரியைப் பாடம் நடத்துகிறாள். இதுவரை ஒருவரும் எதையும் திரும்பக் கேட்டதில்லை.

"இது இப்பவும் செல்லும்லா மேடம்?"

மேசைக்கு எதிரே சுடலைவடிவு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அன்று பேட்டியின்போது பீடி சுற்றிக்கொண்டே பேசியவள். இன்று கைகளுக்கு வேலை இல்லாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"செல்லும்."

வெளியே மாணவர்கள் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் சுடலைவடிவு கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம் பிள்ளை இங்கதான் சேந்திருக்கா. உங்க கிளாஸுதான். இசக்கிப்பிரியா."

முதல் வரிசை. நிறையக் கேள்வி கேட்பவள்.

"அடுத்த வாரம் பேட்டி எடுக்கது எப்படின்னு பாடமாம். பீடி சுத்துத ஒரு பொம்பளை பேசுனத மேடம் போட்டுக் காட்டுவாங்கன்னு சீனியர் பிள்ளைக சொல்லிச்சாம். சோறு திங்கும்போது எங்கிட்டயே சொல்லுதா."

பேராசிரியை தாளை மேசையில் வைத்தாள்.

"எனக்குத் தொண்டையில இறங்கல மேடம்."

ஒவ்வொரு வருடமும் வகுப்பில் போடும் ஒலிப்பதிவு அது. இருபத்தொரு நிமிடம். நல்ல பேட்டிக்கு அதைவிட நல்ல உதாரணம் அவளிடம் இல்லை. கத்தரிக்கோல் பீடி இலையை வெட்டும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் சொல்லிக்கொண்டு போவாள்.

எட்டு மாதக் குழந்தையைத் துண்டில் சுற்றி, மதுரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கிடத்திவிட்டு பஸ் ஏறியதை.

திருமங்கலத்தில் இறங்கியதை.

திரும்பி ஓடி வந்தபோது குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததை.

கட்டுரையில் பெயரை மாற்றியிருந்தாள். ஊரை மாற்றியிருந்தாள். வகுப்பிலும் பெயர் சொன்னதில்லை.

"பேர மறைச்சா ஆச்சா? என் சத்தம் அவளுக்குத் தெரியாதா?"

அவள் கம்ப்யூட்டரைச் சுடலைவடிவு பார்க்கும்படி திருப்பினாள். பதிவைத் தேடி எடுத்தாள். அழித்தாள். இழுப்பறையிலிருந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்ததையும் அழித்தாள். பேச்சை எழுத்தில் எடுத்த பக்கங்கள் அலமாரியில் இருந்தன. அவற்றை இருவருமாகக் கிழித்தார்கள்.

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதான்."

சுடலைவடிவு எழுந்து கும்பிட்டாள். கதவை நோக்கி நடந்தாள்.

பேராசிரியையின் பார்வை தன் கைப்பைமேல் விழுந்தது.

அதற்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை. யாரும் கேட்கப் போவதும் இல்லை.

"இருங்க."

சுடலைவடிவு தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள்.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். "இதுலயும் ஒண்ணு இருக்கு."

"போன்லயா? இது எதுக்கு மேடம்?"

ஆராய்ச்சிக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள்.

"வீட்ல சாப்பிடும்போது போட்டுக் கேப்பேன்."

"தினமுமா?"

"ம்."

இரண்டு தோசை, கொஞ்சம் பொடி. இருபத்தொரு நிமிடம் தட்டு காலியாகச் சரியாக இருக்கும். சில நாள் கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடியும் போடுவாள்.

"அந்தப் பாவிக் கதையவா?"

"கதைய இல்ல. குரல."

சுடலைவடிவு அவளையே பார்த்தாள். வெள்ளை தெரியும் வகிட்டை. இஸ்திரி போட்ட காட்டன் சேலையை. போனைப் பிடித்திருந்த விரல்களை.

"அப்ப அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். "பிள்ளை காதுக்குப் போகாதுல்லா?"

"போகாது."

"பெறகென்ன. வச்சுக்கிடுங்க."

அவள் தலையசைத்தாள். சரி என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் இந்த போன் வகுப்பு மேசையில் மறந்து கிடக்கலாம். இசக்கிப்பிரியா எடுத்துக் கொடுக்கலாம்.

அழிக்கட்டுமா என்று கேட்டது போன்.

அழுத்தினாள்.

திரையில் ஒன்றும் ஆகவில்லை. பட்டியலில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவே. அவள் அதை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

நிமிர்ந்தபோது சுடலைவடிவு நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள். இந்தத் தடவை முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"எட்டு. எட்டே காலாகும்."

"நானும் அந்நேரம் பீடிக் கட்டு கட்டி முடிச்சுட்டுச் சும்மாதான் இருப்பேன்."

மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு பட்டன் போனை எடுத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நம்பரச் சொல்லுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். ஆறு எண் வரை சரியாக வந்தது. அப்புறம் குரல் நின்றுவிட்டது.

சுடலைவடிவு அவசரப்படுத்தவில்லை. கட்டை விரலைப் பட்டன்மேல் வைத்தபடி காத்திருந்தாள்.