முதல் டிரம்பெட்டின் முன்பல்

முதல் டிரம்பெட்டின் வாய்க்குள் பஞ்சை அடைத்த பிறகுதான் இரண்டாம் டிரம்பெட்டுக்குப் பேச்சே வந்தது.

இரண்டாம் டிரம்பெட், பல் டாக்டர். முதல் டிரம்பெட், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பேண்டு வாத்தியக் குழுவில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊதுகிறவர்கள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் யாரையும் பேச விடமாட்டார். டாக்டர் ஊதினால் பிரேக் போடச் சொல்வது போல ஒரு கையை நீட்டுவார்.

இன்று அவர் வாய் டாக்டரின் கையில் இருந்தது.

டாக்டர் வருஷக்கணக்கில் உள்ளே போட்டு வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். டிரம்பெட்டில் உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸின் விளிம்பு அகலமாக இருந்தால் உதடு சீக்கிரம் களைக்காது. கிண்ணம் ஆழமாக இருந்தால் நாதம் கனக்கும், மேல் ஸ்வரம் சண்டித்தனம் பண்ணும். தங்க முலாம் வழுக்கும். வெள்ளிதான் சொன்ன பேச்சுக் கேட்கும். அவருடைய மேஜை இழுப்பறை முழுக்க மவுத்பீஸ்தான். பேனா வைக்க இடமில்லை.

"நான் சொல்றது சரிதானேண்ணே?"

"ஆஹ்."

அவர் டாக்டரோடு ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

"அவரு எச்சில் முழுங்கட்டும், விடுங்க" என்றாள் பக்கத்தில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி. அந்தக் கிளினிக்கில் உதவிக்கு இருப்பது அவள்தான்.

வந்த விஷயம் சின்னதுதான். டிரைவிங் ஸ்கூல்காரரின் முன்பல்லில் ஒரு மூலை கிடையாது. இளவட்டமாக இருந்தபோது பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து காட்டிய வீரத்தின் மிச்சம். இப்போது மகளுக்குக் கல்யாணம். அப்பா போட்டோவில் பல் தெரியச் சிரித்தே ஆக வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் பல் நிறத்துக் களிம்பை உருட்டி, அந்த மூலையில் வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, பஞ்சை எடுத்தார். சும்மா பார்வைக்குத்தான், நெம்பினால் வந்துவிடும். பிடித்திருந்தால் ஒரு சொட்டுப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடலாம்.

கண்ணாடியைப் பார்த்த டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் பாதி வயது கழன்று விழுந்தது.

"ஒரு தடவை ஊதிப் பாத்துட்டு ஒட்டிடலாம் டாக்டர்" என்று பையிலிருந்து டிரம்பெட்டை எடுத்தார்.

அவர்கள் பேண்டில் எதை வாசித்தாலும் கடைசியில் ஓர் உச்ச ஸ்வரம் வரும். அதை அவர் ஒருவர்தான் தொடுவார். அந்த நேரத்தில் டாக்டர் டிரம்பெட்டை இறக்கிவிட்டுத் தாளைத் திருப்புவது போல பாவனை செய்வார். கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் திருப்ப ஏது தாள்?

ஊதினார். ஒவ்வொரு படியாக ஏறினார். உச்சிக்கு ஒரு படி கீழே நின்று, டயரில் காற்று இறங்குவது போல புஸ்ஸென்றார்.

மறுபடி ஊதினார். மறுபடியும் புஸ்.

"ஏசி காத்து ஒத்துக்கலை போல" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

டாக்டருக்குச் சட்டென்று புரிந்தது. உதடும் இல்லை, மவுத்பீஸும் இல்லை. இத்தனை வருஷமாக அந்த ஸ்வரம் உடைந்த பல்லின் சந்து வழியாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது.

பசைப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு சொட்டு. 'புதுப் பல்லுண்ணே, போகப் போகப் பழகிடும்' என்று ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முதல் டிரம்பெட்டின் நாற்காலி டாக்டருக்கு.

மனைவி அவரையே பார்த்தாள். நாற்காலி விவகாரம் அவளுக்குத் தெரியும். வீட்டில் வேறு பேச்சு இருந்தால்தானே.

டாக்டர் புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, சின்னக் கொக்கியால் நெம்பி அந்தத் துண்டைக் கழற்றினார்.

"இப்ப ஊதுங்கண்ணே."

வந்தது பாருங்கள் ஸ்வரம்! டிரேயில் கிடந்த கருவிகள் கிணுகிணுத்தன. வெளி அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர், உள்ளே யாருக்கோ ஊசி போடாமலே பல்லைப் பிடுங்குகிறார்கள் என்று முடிவுகட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

டிரைவிங் ஸ்கூல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேற யாரா இருந்தாலும் ஒட்டி அனுப்பியிருப்பாங்க டாக்டர். இத்தனை நாளா உங்களைப் பேசவே விடலையே நான். கல்யாணத்துல வாயை மூடிக்கிட்டே சிரிச்சுக்கறேன், போங்க."

அவர் படியிறங்கிப் போனதும் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒரு நிமிஷம் உங்களைத் தப்பா நெனச்சுட்டேங்க" என்றாள்.

"வெளிக்கதவைத் தாழ் போட்டுட்டு வா" என்றார் டாக்டர்.

போட்டுவிட்டு வந்தாள். நோயாளி நாற்காலியில் டாக்டர் சாய்ந்து கிடந்தார். பல்லை ராவுகிற மிஷின் அவர் மடிமேல் தயாராக இருந்தது. கழற்றிய துண்டைத் தன்னுடைய முன்பல்லின் மேல் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணாடியை ஆடாமப் பிடி" என்றார்.