வீரத்தாய் வீட்டுக் குழாய்

மூன்றாவது தடவையாகப் பூங்கொத்தைக் கொடுத்தார் குடியிருப்போர் சங்கத் தலைவர். முதல் தடவை அவர் கண் மூடிவிட்டதாம். இரண்டாம் தடவை தொப்பை படத்தில் விழுந்துவிட்டதாம். வாங்கிக்கொண்ட அம்மாளின் முகம் மூன்றிலுமே பேயறைந்த மாதிரி இருந்ததைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

"வீரத்தாயே, கொஞ்சம் சிரிங்க! ஒரே மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு ஒத்தையா இருக்கீங்க. எங்களை எல்லாம் உங்க பிள்ளைங்களா நினைச்சுக்குங்க" என்றார் தலைவர், கேமராவைப் பார்த்து.

வாசலில் கருவிப் பையோடு நின்ற பிளம்பருக்கு எரிச்சல் தலைக்கேறியது. பேப்பரில் படம் வரும் என்றால் இந்த ஆள் பாலத்துக்குக்கூடப் பூங்கொத்து கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்று கைதட்டிய செயலாளரும் பொருளாளரும் அவன் கணக்கில் வெறும் ஜால்ராக்கள்.

"பூவோட நிறுத்திடுவோமா? இந்த வீட்டுத் தொட்டி காலையில நிரம்பினா மத்தியானத்துக்குள்ள காலியாகுதுன்னு வாட்ச்மேன் சொன்னான். ஒரே ஒரு ஆள் இருக்கிற வீட்டுல அவ்வளவு தண்ணி எங்க போகுது? எங்கேயோ ஒழுகுது. சங்கம் இலவசமா சரி பண்ணிக் கொடுக்கும்!" என்று முழங்கினார் தலைவர்.

இலவசமாகச் செய்யப்போவது பிளம்பர். பேர் மட்டும் சங்கத்துக்கு.

"அதெல்லாம் வேண்டாங்க, நான்தான் ரெண்டு வேளை குளிக்கிறேன்" என்றார் அம்மாள் அவசரமாக.

தலைவர் காதிலேயே வாங்கவில்லை. நடைக்கோடியில் பூட்டுத் தொங்கிய கதவைக் காட்டி, "அதையும் திறங்க, பார்த்துடலாம்" என்றார்.

"அது என் பையன் ரூம். அவன் வரட்டும், திறக்கிறேன்."

தலைவருக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. "பார்த்தீங்களா தாய்ப்பாசத்தை! மகன் வர்ற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டாங்களாம்!" என்று பூட்டைத் தொட்டுக் கும்பிட்டார். ஃபோட்டோகிராபர் கதவையும் இரண்டு கோணத்தில் எடுத்துக்கொண்டார்.

கையோடு தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை உருவினார். "அடுத்த மாசம் பெரிய விழா. உங்க பையனுக்கு லீவு கேட்டு அவரோட அதிகாரிக்கே எழுதிட்டேன். இந்தாப்பா பிளம்பர், போற வழியில தபால்ல சேர்த்துடு."

அம்மாளின் கையிலிருந்து பூங்கொத்து நழுவி விழுந்தது. "ஐயோ, எழுதாதீங்க! அவனை விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"ஆகா, என்ன அடக்கம்!" என்று பூரித்தபடி, தலைவர் பரிவாரத்தோடு அடுத்த வீரத்தாய் வீட்டுக்குக் கிளம்பினார். வெளிச்சம் போவதற்குள் அங்கேயும் படம் எடுத்தாக வேண்டும்.

பிளம்பர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கழிப்பறை வரை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான், தடவிப் பார்த்தான். எங்கும் ஒரு சொட்டுக் கசிவில்லை. இந்த வீட்டில் ஒழுகியது தலைவருடைய வாய் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டு, பையை எடுத்தான்.

அவன் பின்னாலேயே நின்றிருந்தார் அம்மாள். "தம்பி, அந்தக் கடுதாசியை என்கிட்டக் கொடுத்துடுப்பா."

"ஏன்க்கா? பையன் லீவுல வந்தா நல்லதுதானே?"

"வேண்டாம்பா. அவன் பேச்சையே அங்க யாரும் எடுக்க வேண்டாம். உன் கால்ல வேணா விழறேன்."

பிளம்பருக்கு உடம்பு சிலிர்த்தது. சிபாரிசில் கிடைக்கிற லீவு தன் மகனுக்குத் தேவையில்லை என்கிறாரே, இவரல்லவா மானஸ்தி! இந்தக் கூட்டத்தின் விளம்பரப் பசிக்கு எல்லையில் நிற்கிற ஒருவன் எதற்காக வர வேண்டும்?

கவரை வெளியே எடுத்து நாலாகக் கிழித்தான். கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான். ஒரு பிளம்பர் செய்யக்கூடாத காரியம்தான். ஆனால் தலைவர் கடிதத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அவனுக்குத் தெரியவில்லை.

"தபால்ல சேர்த்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க நிம்மதியா இருங்கக்கா."

அம்மாள் இரண்டு கையையும் கூப்பினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பிளம்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தான். பூவும் இல்லை, ஃபோட்டோவும் இல்லை. இத்தனை பேரில் ஒரு சிப்பாய்க்கு உருப்படியாக உதவி செய்தவன் தான் ஒருவன்தான் என்று பெருமையாக இருந்தது. தலைவரை நினைத்து ஒரு தடவை ஏளனமாகச் சிரித்தும் கொண்டான்.

கதவைத் திறந்தவனுக்கு, ஸ்பானரை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி இரண்டடி வைப்பதற்குள் வாசல் கதவு காற்றில் படீரென்று சாத்திக்கொண்டது.

பூட்டுத் தொங்கிய அறைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் மெதுவாகக் கேட்டது.

"அம்மா, எல்லாரும் போயிட்டாங்களா?"