பித்தப்பைக்கு வைத்த பரீட்சை

மரகதவல்லி டீச்சரின் வயிற்றுக்குள், கல்லீரலுக்குக் கீழே, ஒரு பித்தப்பை தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு அடிக்கடி வயிறு வலித்ததால் பழி அதன் மேல் விழுந்தது. கல்லீரல் கொடுக்கும் பித்தத்தை அது சரியாக வெளியே விடுகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க முடிவானது. விடவில்லை என்றால் ஆபரேஷன்.

"தம்பி, இன்னைக்கு மானத்தைக் காப்பாத்து," என்றது கல்லீரல்.

ஸ்கேனின்போது பித்தப்பையைச் சுருங்க வைக்கப் போட்ட ஊசிமருந்து ரத்தத்தில் பாய்ந்து வந்தது. "ம், சுருங்கு! மூணு நிமிஷம்தான் டைம்!" என்று கத்தியது. பித்தப்பை பதறிப்போய் வாயை இறுக்கிக்கொண்டது. டீச்சர் "ஐயோ, அம்மா!" என்று அலறினார். வெளியே வந்தது சில சொட்டுதான்.

"சோம்பேறிப் பை. எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

"எதுக்கும் ஒரு தடவை பால் கொடுத்துப் பார்க்கலாமே சார்?" என்றார் ஸ்கேன் எடுத்த பெண்.

மறுவாரம் ஆடை நீக்காத பால் மெல்லக் குடலுக்குள் இறங்கி, அங்கிருந்தே குரல் கொடுத்தது. "அண்ணே, நிறைய கொழுப்போட வந்திருக்கேன். நீங்க வந்தாத்தான் கரையும். அவசரமில்ல, ஒரு மணி நேரம்கூட ஆகட்டும்."

"இதோ வந்துட்டேன்!" என்று பித்தப்பை தன்னிடமிருந்த பித்தத்தில் முக்கால்வாசியைக் கொட்டிக் கொடுத்தது. ஸ்கேனில் அதைப் பார்த்த டாக்டர் ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு, வலிக்கு வேறு காரணம் தேடப் போனார்.

கல்லீரலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏண்டா, அன்னைக்கு அந்த ஊசிக்கு மட்டும் ஏன் தரல?"

"அவன் 'சுருங்கு, சுருங்கு'ன்னு கத்தினானே தவிர, எதுக்குன்னு கடைசிவரைக்கும் சொல்லலையேண்ணே!"