கிளம்பாத இணைப்பு

ரத்தம் தேடுவோருக்கான ஓர் இணையதளத்தில் ஓர் இணைப்பு வேலை பார்த்தது. யாராவது கேட்டால், ரத்தம் கொடுப்பவர்களின் தொலைபேசி எண்களை வைத்திருக்கும் தரவுத்தளத்திடம் ஓடும். வாசலில் பெயர், கடவுச்சொல் எல்லாம் சொல்லி உள்ளே போகும். பதிலை வாங்கியதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும். அடுத்த ஆளுக்கு மறுபடியும் அதே விசாரணை.

ஒருநாள் வாசல் விசாரணை முடிந்து அது பதிலோடு வருவதற்குள், கேட்ட பெண் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இணைப்பு அழுதுகொண்டே தரவுத்தளத்திடம் போய்ச் சொன்னது.

"நான் உடனே தேடிக் கொடுத்துட்டேனே! நீ ஏன் ஒவ்வொரு தடவையும் கிளம்பிப் போறே?" என்றது தரவுத்தளம்.

"வேலை முடிஞ்சும் உட்கார்ந்திருந்தா உனக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன்."

"உன்னைத் திரும்பத் திரும்ப விசாரிக்கிறதுதான் தொந்தரவு. இங்கேயே இரு."

இணைப்பு அங்கேயே இருந்தது. சற்று நேரத்தில் ஒரு தகப்பன் மகளுக்காக ரத்தம் கேட்டார். அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்குமுன்பே, பக்கத்துத் தெருக்காரர் ஒருவருடைய எண் திரையில் வந்தது.